பக்கத்து ஏரியில் பறவை பார்க்கவும் படமெடுக்கவும்: ஒரு முழுமையான வழிகாட்டி

பறவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்றுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போகக்கூடிய ஏரி எது?" பாதிப் பேருக்குச் சட்டென்று பதில் வராது. தினமும் கடந்து போகிற ஏரியாகவே இருக்கும், ஆனால் பேர் தெரியாது.

நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் இரண்டு வருடம் விடுமுறை கிடைத்தால் வேடந்தாங்கல், பழவேற்காடு, ஒருமுறை கூந்தன்குளம் என்று பறவைகள் கூடும் பேர்போன இடங்களுக்கு ஓடினேன். கொண்டுவந்ததெல்லாம் தூரத்தில் புள்ளியாய்த் தெரியும் நாரைகளும், பறந்து போகும் வாத்துகளின் முதுகும்தான். அப்புறம் பெட்ரோல் செலவுக்குப் பயந்து, செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊரின் பின்னால் இருக்கும் சாதாரணப் பாசன ஏரிக்குப் போக ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் ஒன்று கவனித்தேன். உபரி நீர் வழியும் கலங்கலுக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கல்லில், காலை ஏழு மணி வாக்கில், பாம்புத்தாரா என்ற நீர்ப்பறவை ஒன்று வந்து சிறகை விரித்துக் காயவைக்கிறது. மறுநாளும் அதே கல், ஏறக்குறைய அதே நேரம். அதற்கடுத்த நாள் நான் அதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு உருப்படியாகக் கிடைத்த முதல் படம் அது. கேமரா பழையதுதான்.

ஆகவே இந்த வழிகாட்டி, ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கானது.

ஏரியைத் தேர்வு செய்வது

பெரிய ஏரிதான் வேண்டும் என்பதில்லை. சொல்லப்போனால், பெரிய ஏரியில் பறவை நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கரையில் நின்று பெருமூச்சு விட வேண்டியதுதான். சின்ன ஏரி, தாங்கல், குட்டை, நடவு முடிந்த வயல், எல்லாமே சரிதான். பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது ஆழம். முழங்கால் அளவுத் தண்ணீரும் சேறும் கொஞ்சமாவது இருக்க வேண்டும். நாரை, கொக்கு, உள்ளான், நெடுங்கால் உள்ளான் எல்லாம் நின்றுகொண்டே இரை தேடுபவை. கரையிலேயே ஆழமாக வெட்டி, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டு "அழகுபடுத்திய" ஏரிகளில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் தவிர அதிகம் தேறாது. கண்ணுக்கு அழகாக இருக்கும் ஏரி பறவைக்குப் பெரும்பாலும் பயன்படாது.

இரண்டாவது, செடிகொடி. கோரை, சம்பு, அல்லி, தாமரை, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் இருந்தால் நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, செந்நாரை எல்லாம் வரும். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மூடியிருந்தால் மீன் பிடிக்கும் பறவைகள் விலகிப் போய்விடும்.

மூன்றாவது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்பது. இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. நம் கடலோர மாவட்டங்களில் நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்கு மண்கரை கிழக்குப் பக்கம் இருக்கும். தண்ணீர் மேற்கே விரிந்திருக்கும். அதாவது, காலையில் கரைமேல் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், பறவையின் முகத்தில் வெயில். ஏரி வெட்டியவர்கள் நமக்காகச் செய்ததல்ல, ஆனால் இதைவிட வசதி வேறு கிடையாது. அதே கரையில் மாலையில் நின்றால் எல்லாம் கறுப்பு உருவமாகத்தான் வரும். மாலைக்கு, தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம், மேற்கே போய் நிற்க வேண்டும். உங்கள் ஏரியின் கரை எந்தத் திசை என்று முதல் நாளே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் செய்ய வேண்டிய இன்னொன்று: மாடு மேய்ப்பவரிடமும் மீன் பிடிப்பவரிடமும் பேசுவது. "அண்ணே, இந்தக் கூழைக்கடா எப்ப வரும்?" என்று கேட்டால் போதும், மதகுப் பக்கம் எப்போது இறங்கும், எந்த வருடம் வரவில்லை, எல்லாம் சொல்வார். எந்த இடத்தில் சேறு காலை விழுங்கும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். நீங்கள் யார், ஏன் தினமும் பெரிய குழாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்பது ஊருக்குத் தெரிந்திருப்பது உங்களுக்கும் நல்லது.

எந்த மாதத்தில் என்ன

தகைவிலான் குருவிகள் கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்காரத் தொடங்கினால், வெளியூர்ப் பறவைகள் இடம்பெயர்ந்து வரும் வலசைக் காலம் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளலாம். செப்டம்பரிலேயே வாலாட்டிகளும் உள்ளான்களும் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பிய பிறகு, நவம்பர் வாக்கில் வடக்கிலிருந்து வாத்துகள் இறங்கும்: நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன். இவை பிப்ரவரி, மார்ச் வரை இருக்கும். தெற்கே கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது. அதே பருவத்தில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன் போன்றவை வேடந்தாங்கல் மாதிரியான இடங்களில் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். உங்கள் ஏரியில் கூடு இருக்காது. ஆனால் அவை இரை தேட வருவது உங்கள் ஏரிக்கும் வயலுக்கும்தான்.

பெரும்பாலானவர்கள் ஜனவரியோடு கேமராவை மூடி வைத்துவிடுவார்கள். என் கணக்கில் படத்துக்கு நல்ல காலம் அதற்குப் பிறகுதான். மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை ஏரி வற்றிச் சுருங்கும். மீன் எல்லாம் கடைசிக் குட்டையில் சேரும். பறவையும் அங்கே சேரும். ஒரு டென்னிஸ் மைதானம் அளவு தண்ணீரில் நாரை, கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா, செம்பருந்து எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்திருக்கிறேன். மீனுக்குச் சண்டை போடும் பறவைக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏரி வெறிச்சென்று இருக்கும் என்று நினைப்பார்கள். தாமரைக் குளம் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். நீளவால் இலைக்கோழி தன் பெயருக்குக் காரணமான நீண்ட வாலோடு இருப்பது அப்போதுதான். முட்டையை அடைகாப்பதும் குஞ்சை மேய்ப்பதும் அதில் ஆண்தான். பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். உண்ணிக்கொக்கின் தலை ஆரஞ்சு நிறமாக மாறுவதும், மடையானின் முதுகு அரக்கு நிறமாவதும் இந்தப் பருவத்தையொட்டித்தான். தண்ணீர் இல்லாத மாதத்தில் ஏரிக்குப் பதில் வயலுக்குப் போங்கள். சேற்றுழவு ஓட்டும் டிராக்டர் பின்னால் கொக்குகள் கூட்டமாக நடப்பது மாதிரி எளிதான படம் வேறில்லை. டிராக்டர் ஓட்டுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்தால், நான்கடி தூரத்தில் வந்து நிற்கும்.

நேரம்? சூரியன் உதித்ததிலிருந்து முதல் இரண்டு, இரண்டரை மணி நேரம். ஒன்பது மணிக்கு மேல் சேற்றுக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று நெளிய ஆரம்பிக்கும். அந்தக் கானல் வழியாக எடுத்த படம், லட்ச ரூபாய் லென்ஸாக இருந்தாலும், கலங்கித்தான் வரும். லென்ஸில் கோளாறு என்று நான் கடைக்குப் போய் நின்றதெல்லாம் உண்டு.

என்ன வேண்டும்

பைனாகுலர் முதலில். கேமரா அப்புறம். பைனாகுலரில் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு, 12 மடங்கு என்று ஆசை காட்டுவார்கள். மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே அளவு கூடும், பார்க்கும் பரப்பும் குறுகும். பறந்துகொண்டிருக்கும் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த ஊருக்குப் போய்விடும்.

கேமராவில் உங்களிடம் என்ன இருக்கிறதோ அதில் தொடங்கலாம். புதிதாக வாங்குவதென்றால் இரண்டு வழி. லென்ஸ் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள கேமரா ஒன்று. நிக்கான் பி950 மாதிரி. 2000 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமாக எட்டும் (இந்த மில்லிமீட்டர் எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), எடை குறைவு, ஏரியின் நடுவில் இருப்பது என்ன பறவை என்று தெரிந்துகொள்ளப் பிரமாதம். ஆனால் ஒளியைப் படமாக்கும் சென்சார் சிறியது, மங்கிய வெளிச்சத்திலும் பறக்கும் பறவையிலும் தடுமாறும். இன்னொரு வழி, லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவும் 400 அல்லது 600 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம் லென்ஸும். கையில் காசு குறைவு என்றால் கேமரா உடலைப் பழையதாக வாங்குங்கள், லென்ஸைப் புதிதாக வாங்குங்கள். தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

முக்காலி சின்ன ஏரியில் பெரும்பாலும் சுமைதான். அதற்குப் பதில் ஒரு துணிப்பையில் அரைப்படி அரிசியோ கடலையோ போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள். கரைமேலோ மதகுக் கட்டையிலோ வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் அசையாது. மழைக்காலத்தில் அரிசி வேண்டாம், பூசணம் பிடிக்கும்.

மற்றபடி மங்கிய பச்சை அல்லது காக்கி உடை, தொப்பி, தண்ணீர், பாக்கெட் நோட்டு, பென்சில். வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம். கோரைக்குள் நடந்தால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் நல்லது. பாம்பும் நம்மைப் போலத் தவளை இருக்கும் இடத்துக்குத்தான் வருகிறது.

முதல் பத்து நாள்: எடுக்காமல் பாருங்கள்

இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் பத்து முறை கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, பைனாகுலரும் நோட்டும் மட்டும் எடுத்துப் போங்கள். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்தப் பறவை, எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்தது, நான்கே விவரம் எழுதுங்கள்.

இருபது பறவை தெரிந்தால் எந்த ஏரியையும் சமாளிக்கலாம். பலவற்றுக்குப் பெயரே அடையாளம். கரண்டிவாயனின் அலகு கரண்டி. அரிவாள்மூக்கனுக்கு அரிவாள். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அது தின்பது நத்தை. இரவில் "வக்" என்று கத்திக்கொண்டு பறப்பது வக்கா. ஆள் வந்தால் ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி.

வெள்ளைக் கொக்குகளில்தான் எல்லாரும் குழம்புவார்கள். நானும் ஒரு வருடம் எல்லாவற்றையும் "கொக்கு" என்றே எழுதிக்கொண்டிருந்தேன். வழி இதுதான்: அலகையும் காலையும் பாருங்கள். கறுத்த அலகு, கறுத்த கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள், ஏதோ மஞ்சள் சாக்ஸ் போட்டதுபோல் இருந்தால் சின்னக் கொக்கு. குட்டையான மஞ்சள் அலகோடு மாட்டின் பக்கத்தில் நடந்தால் உண்ணிக்கொக்கு. உயரமாய், கழுத்தில் முறிந்ததுபோல் ஒரு மடிப்போடு நின்றால் பெரிய கொக்கு. அதன் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் அது நடுத்தரக் கொக்கு. பெரிய கொக்கின் மஞ்சள் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும், அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மடையான் இன்னொரு ஏமாற்றுக்காரன். சேற்றில் உட்கார்ந்தால் சேற்று நிறம், கண்ணுக்கே தெரியாது. பறந்தால் முழு வெள்ளை. "இப்போது இங்கே வெள்ளைக் கொக்கு எங்கிருந்து வந்தது?" என்று தோன்றினால் அது மடையான்தான்.

நீர்க்காகமா பாம்புத்தாராவா என்பதற்குக் கழுத்தைப் பாருங்கள். பாம்புத்தாரா நீந்தும்போது உடல் தண்ணீருக்குள் இருக்கும், வெளியே தெரிவது பாம்பு மாதிரி நீண்ட கழுத்து மட்டும். அதன் அலகு ஊசி மாதிரி நேராக இருக்கும். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும்.

சந்தேகம் வந்தால், பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி கைப்பேசியில் உதவும். அது சொல்வதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். அலகு, கால், அளவு, செய்கை நான்கையும் முதலில் நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு அதில் தேடுங்கள்.

கிட்டே போவது எப்படி

நேராக நடக்காதீர்கள். பறவையை உற்றுப் பார்த்துக்கொண்டே நேரே வருவது பூனையும் நரியும் செய்யும் வேலை. சாய்வாக, அதைக் கவனிக்காதவர் போல, பத்தடி நடந்து நின்று, இன்னும் பத்தடி. பறவை தின்பதை நிறுத்தி, கழுத்தை நிமிர்த்தி, உங்களைப் பார்த்தால் அதுதான் எல்லைக்கோடு. நின்றுவிடுங்கள். உட்காருங்கள். மறுபடி தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தால் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு அடி பின்வாங்கியது, உடலைக் குறுக்கியது, எச்சமிட்டது என்றால் அடுத்த நொடி பறக்கப் போகிறது. நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.

முக்குளிப்பானுக்குத் தனி வித்தை. அது மூழ்கினால் ஏறக்குறைய 15 விநாடி உள்ளே இருக்கும். அது உள்ளே இருக்கும்போது நீங்கள் நகருங்கள். வெளியே வருமுன் சிலையாக நின்றுவிடுங்கள். சின்ன வயதில் ஆடிய ஒளிந்து பிடிக்கும் ஆட்டம்தான். மூன்று நான்கு முழுக்கில் நல்ல தூரம் நெருங்கிவிடலாம்.

ஆனால் இதையெல்லாம் விடச் சிறந்தது, போகாமல் இருப்பது. விடியுமுன்பே போய் ஒரு புதர் ஓரம் உட்கார்ந்துவிட்டால் பறவை உங்களிடம் வரும். சாலையோரச் சதுப்பு என்றால் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, உள்ளிருந்தே எடுங்கள். பறவைக்கு வண்டி பழக்கம். வண்டியிலிருந்து இறங்கும் மனிதன்தான் பயம். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில், பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில் லாரிகள் இரைந்துகொண்டே போகும், பக்கத்தில் நீலத் தாழைக்கோழி பாட்டுக்குக் கோரைத் தண்டை உரித்துத் தின்றுகொண்டிருக்கும். நீங்கள் நடைபாதையில் நின்று கையை நீட்டிக் காட்டுங்கள், உடனே மறைந்துவிடும்.

அப்புறம், தாழ்ந்து உட்காருங்கள். கரைமேல் நின்று கீழே பார்த்து எடுத்தால் பறவை தண்ணீரில் ஒட்டிய ஸ்டிக்கர் போல இருக்கும். கரைச்சரிவில் இறங்கி, முடிந்தால் படுத்து, அதன் கண் உயரத்துக்கு லென்ஸைக் கொண்டுவந்தால் பின்னால் இருக்கும் கோரையெல்லாம் மங்கிக் கரைந்து, பறவை மட்டும் தனித்து நிற்கும். சட்டை சேறாகும். வீட்டில் திட்டு விழும்.

கேமராவில் என்ன வைப்பது

இதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், 1/500 முதல் 1/1000 விநாடி. பறக்கும் கொக்கு, நாரைக்கு 1/1600. ஆலா, மீன்கொத்தி, வாத்து போன்ற வேகமானவற்றுக்கு 1/2500க்கு மேல். அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தை, லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்தே வையுங்கள். ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு, ஏற ஏறப் படத்தில் குருணை விழும்) தானியங்கியில் விட்டு, 3200 வரை ஏற அனுமதியுங்கள். குருணை விழுந்த கூர்மையான படம், சுத்தமான கலங்கிய படத்தைவிட மேல். ஃபோகஸ், நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் நிலையில் இருக்கட்டும், கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக் கண்மேல் நிறுத்துங்கள். பிறகு திருத்த வசதியாக, கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவத்தில் எடுங்கள்.

கவனிக்க வேண்டியது வெள்ளை நிறம்தான், ஏனென்றால் நம் ஏரிப் பறவைகளில் பாதி வெள்ளை. பச்சைக் கோரை முன்னால் ஒரு கொக்கு நின்றால் கேமரா அந்தக் கரும்பச்சையை அளந்து, "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு சுண்ணாம்பு அடித்ததுபோல் இறகு தெரியாமல் வெளுத்துப்போகும். ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு நிறுத்தம் (ஒரு ஸ்டாப், வெளிச்சம் பாதியாகும் அளவு), சில சமயம் அதற்கு மேலும், குறைத்து வையுங்கள். நேர்மாறாக, வெளுத்த வானத்தில் நீர்க்காகம் பறந்தால் ஒரு நிறுத்தம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கரித்துண்டுதான். அளவுக்கு மீறி வெளுத்த இடங்கள் மின்னிக் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அதைப் போட்டு வைத்து, முதல் படத்தை எடுத்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதில் ஒரு சிக்கல்: கொக்கு கோரையிலிருந்து கிளம்பி வானத்துக்கு ஏறினால் பின்னணி மாறிவிடும், பறவை மேல் விழும் வெயில் மாறாது. வெயில் நிலையாக இருக்கும் காலையில் ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் நாமே கையால் வைத்துவிடுவது நிம்மதி. வெயிலில் நிற்கும் கொக்குக்கு ஷட்டர் 1/2000, அபெர்ச்சர் எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கி, அங்கிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

நடக்கப் போவதை முன்பே அறிவது

நோட்டில் எழுதியது இங்கேதான் கைகொடுக்கும். பறவை காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து அடித்தால் இறங்குகிற நாரை முகத்தைக் காட்டிக்கொண்டு வரும். எதிரிலிருந்து அடித்தால் உங்களுக்குக் கிடைப்பது அதன் வால். காலையில் சூரியனும் காற்றும் ஒரே பக்கத்திலிருந்து, உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் நாள் அமைந்தால் அன்றைக்கு வேலைக்கு விடுப்பு சொல்லிவிடுங்கள்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். நிற்கும் நேரத்தில் ஃபோகஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாய்ந்தால் விட்டுவிடுங்கள், துரத்தி எடுக்க முடியாது. தவறவிட்டால் சற்றுத் தள்ளி மறுபடி நிற்கும். நீர்க்காகம் மீனோடு மேலே வந்தால் அதைத் தலைப்பக்கம் திருப்பித்தான் விழுங்கும். திருப்புவதற்காக மேலே தூக்கிப் போடும் அந்தக் கணம்தான் படம். நாமக்கோழி கிளம்புமுன் தண்ணீர் மேல் தடதடவென்று ஓடும். கூழைக்கடாவின் சிறகு விரிந்தால் ஏழெட்டு அடி இருக்கும், அதனால் ஜூமைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். என்னிடம் சிறகு வெட்டுப்பட்ட கூழைக்கடாக்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

செய்யக் கூடாதவை

கல்லெறிந்து பறக்கவிடுவது. இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருந்தவர்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த வாத்து, திரும்பிப் போவதற்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை கிளப்பிவிட்டால் அன்றைய தீனியில் ஒரு பங்கு போச்சு.

கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பது. குறிப்பாக மார்ச் முதல் கோடை முழுக்க, வற்றிய ஏரித் தரையில் நடக்கும்போது காலடியைப் பாருங்கள். ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வெறும் மண்ணில், கல்லோடு கல்லாக முட்டையிடும். தலைக்கு மேல் ஆள்காட்டி விடாமல் கத்திக்கொண்டு சுற்றினால் நீங்கள் அதன் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது பதறிப் பறந்துகொண்டிருக்கும் பத்து நிமிடத்தில் முட்டை வெயிலில் வெந்துபோகலாம், அல்லது காகம் பார்த்துவிடலாம். நானே ஒருமுறை குஞ்சுப் படத்துக்கு ஆசைப்பட்டு அரை மணி நேரம் நின்றேன். மறுநாள் போனபோது ஓடு மட்டும் கிடந்தது. காரணம் நான்தானா என்று நிரூபிக்க முடியாது. அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பது, இருட்டில் ஃபிளாஷ் அடிப்பது, ட்ரோன் பறக்கவிடுவது மூன்றும் வேண்டாம். சரணாலயத்தில் அத்துமீறினால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். உங்கள் ஊர் ஏரியில் கேட்க ஆளிருக்காது, அங்கே உங்கள் மனசாட்சிதான் வனக்காவலர். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு இணையத்தில் போடாதீர்கள். அடுத்த ஞாயிறு இருபது பேர் வந்து நிற்பார்கள்.

இதில் நாம் புதிதாகக் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேடந்தாங்கல்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்கக் கேட்டு ஆட்சியரிடம் உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பக்கத்து ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

லென்ஸைத் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பையிலேயே விட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் கண்ணாடியில் பூசணம் படரும். படங்களில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். திருத்தம் என்று பெரிதாக எதுவும் வேண்டாம்: வெளிச்சம், கொஞ்சம் வெட்டல், கொஞ்சம் கூர்மை. நாரையின் இறக்கையைக் கருநீலமாக்கி வானத்தை ஊதாவாக்கினால் அது வேறு பறவை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கால்களையும் பாருங்கள். உலோக வளையமோ நிறப்பட்டையோ, அதில் எழுத்தோ இருந்தால் அந்தப் பறவையை யாரோ எங்கோ பிடித்து அடையாளமிட்டு விட்டிருக்கிறார்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறது. வளையத்தின் நிறம், எந்தக் காலில், எழுத்து எண் என்ன, தேதி, இடம், இத்தனையும் எழுதிப் படத்தோடு அவர்களுக்கு அனுப்புங்கள். மங்கலான படமானாலும் பரவாயில்லை. உங்கள் பரிசு பெற்ற படத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

நோட்டில் எழுதியதை, பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள், எண்ணிக்கையோடு. "கொக்கு நிறைய" என்று எழுதாமல், 40 என்று எழுதுங்கள். பெரிய கூட்டம் என்றால் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அந்த அளவால் மொத்தக் கூட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். பொங்கல் விடுமுறையில் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் உங்கள் ஏரிப் பட்டியலையும் சேர்க்கலாம். வனத்துறையும் தன்னார்வலர்களோடு ஈரநிலப் பறவைகளைக் கணக்கெடுக்கும். போன முறை எங்கள் பக்கம் வந்த குழுவுக்கு ஏரியில் எங்கே நின்று எண்ணுவது என்று தெரியவில்லை. கலங்கலுக்குப் பக்கத்தில், அந்தக் கல்லுக்கு எதிரே, ஏழு மணிக்கு முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். 6.50க்குப் பாம்புத்தாரா வந்தது.